ஐஸ் லொறியில் ஒரு நீலக் கான்

போன கிழமை உங்களில் ஒரு தம்பி எனக்குப் போன் எடுத்தார். "அண்ணன், ஐஸ் லொறியில பின்னுக்கு ஒரு நீலக் கான் நிறைய டீசல் நிக்குது. லொறிக்கு ஊத்துறதும் இல்ல, ஆரும் எடுத்துப் பாவிக்கிறதும் இல்ல. டிரைவர் சுனில் அதத் தொடவே விடுறார் இல்ல. அதென்ன, கோயிலுக்கு நேந்து வெச்சதா?"

நன்றாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். இறால் வாங்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும் இதை வாசியுங்கள். வாசிக்காமல் போனில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற ஆட்கள் யாரென்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. இன்னும் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உடப்பில் என் வீட்டு வாசலில் நின்று, லொறியின் ஹோன் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன். மனுசி உள்ளேயிருந்து, "சுனில் இனி வரமாட்டான், வந்து படுங்க" என்கிறாள். முப்பத்திரண்டு வருடம் சும்மாவா? முந்தல் கடைத்தெருவில் லொறியை நிறுத்தி, சீனிச் சம்பல் பணிசும் கஹட்டாத் தேத்தண்ணியும் வாங்கி, பொனற்றில் வைத்துச் சாப்பிட்ட காலைகள் எத்தனை. தலவில புனித அன்னம்மா கோயில் திருவிழா நாட்களில் யாத்திரைக்காரரின் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து போவோம். ஐஸ் உருகி வீதி நீளத்துக்கும் ஓடும். சுனில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அன்னம்மாவிடம் சிங்களத்தில் மன்றாடுவான். கடலோரக் களப்பின் உப்புக் காற்று முகத்தில் அடிக்க, அடுத்த குளத்தில் இறால் எப்படியிருக்குமோ என்று நான் யோசித்துக்கொண்டு இருப்பேன். அந்த யோசனை ஒரு சுகம். உங்களுக்கும் அது வரட்டும்.

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. உங்களுக்குக் கம்பனி தந்த புத்தகத்தில் அது இல்லை. ஒருவன் ஒரு குளத்து வரம்பில் ஐஸ் இறக்கிவிட்டால், அந்தக் குளத்துக்கு இன்னொருவன் விலை சொல்லக் கூடாது. வேறு கம்பனிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தாலும், வரம்பில் ஐஸைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். நல்ல காரணத்துக்காக வந்த வழக்கம்தான். ஐஸ் இறக்கியவன் இனிப் பின்வாங்க மாட்டான் என்று பண்ணைக்காரருக்கு நிம்மதி. பாதியில் எவனும் வந்து குறுக்கே பேச மாட்டான் என்று வாங்குகிறவனுக்கும் நிம்மதி. விலை முதலில், ஐஸ் பிறகு. எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

நான் அதைத் திருப்பிப் போட்டேன். ஐஸ் முதலில், விலை பிறகு. "காசக் கதைக்கிறத பிறகு பாப்பம், முதல்ல இறாலக் காப்பாத்துவம்" என்று சொல்லி ஐஸை இறக்கிவிடுவேன். பண்ணைக்காரன் என்னைத் தெய்வம் போலப் பார்ப்பான். அதற்குப் பிறகு அவனுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அப்போது விலையைச் சொல்வேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். கம்பனியிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இனி நசீர் நானாவைப் பற்றிச் சொல்கிறேன்.

நசீர் நானா வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து கரைத்தீவில் குடியேறியவர். என்னைவிட நாலைந்து வயது மூத்த அண்ணன், அதுதான் 'நானா'. முதலில் மற்றவர்களின் குளங்களில் சேறு அள்ளினார். பிறகு காவல் இருந்தார். பிறகு களப்போரமாக இரண்டு ஏக்கர் எடுத்துத் தன் கையாலேயே இரண்டு குளம் வெட்டினார். முதல் அறுவடையை வாங்கியவன் நான். இருபது வருடத்துக்கு மேல் அவருடைய இறாலை வேறு யாரும் தொட்டதில்லை. நோன்புப் பெருநாளுக்கு என் வீட்டுக்கு வட்டலப்பம் வரும். எங்கள் அம்மன் கோயில் தீமிதிப்புக்கு அவர் வந்து, கூட்டத்துக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, என் வீட்டில் சாப்பிட்டுப் போவார். இறாலில் ஏதாவது சந்தேகம் வந்தால் வைத்தியரைக் கூப்பிடுவது போல என்னைக் கூப்பிடுவார். "தம்பி, நீங்க ஒருக்கா வந்து பாருங்க, உங்கட கண்ணுக்குத்தான் தெரியும்" என்பார். அந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள்.

டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த வருடம் நடந்தது. கரண்ட் மணிக்கணக்கில் நிற்கும். இறால் குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றும் சக்கரங்கள் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் இறாலுக்கு மூச்சு முட்டும். கரண்ட் இல்லாத வேளையில் சக்கரத்தைச் சுற்றுவது டீசல் என்ஜின். டீசலும் இல்லையென்றால் எல்லாம் முடிந்த மாதிரித்தான். அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் ஏதாவது ஒரு குளத்துக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் கம்பனிக்கோ ஏற்றுமதிக்கு இறால் போதவில்லை. மனேஜர் என்னைப் பிடித்து உலுக்கினார். "எங்க இருந்தாலும் கொண்டு வாங்க, எந்த விலைக்கும் இல்ல, என்ன விலைக்கு முடியுமோ அந்த விலைக்கு." எவ்வளவு அடித்துக் குறைக்க முடியுமோ அவ்வளவு குறை என்கிறார் என்று எனக்கு நன்றாக விளங்கியது.

ஒரு காலை, ஆறு மணி இருக்கும், நசீர் நானா போன் எடுத்தார். "தம்பி, கொஞ்சம் வாரீங்களா? இறால் கரைக்கு வந்து நிக்குது. ராவு முழுக்க வீல் ஓடல்ல."

"இந்தா வாறன் நானா" என்றேன். உடனே சுனிலுக்குப் போன் எடுத்து, "லொறியில ஐஸ ஏத்து" என்றேன். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அவர் என்ன கேட்க வருகிறார் என்று கேட்டுவிட்டாவது போனை வைத்திருக்கலாம். இல்லை.

போய்ச் சேரும்போது ஏழரை. அந்தத் தடவை இறால் குஞ்சு விட்டிருந்த ஒரே குளத்தின் ஓரம் முழுக்க இறால், மீசையை மேலே நீட்டிக்கொண்டு நின்றது. நசீர் நானா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு சட்டியால் தண்ணீரை அள்ளி அள்ளி வீசி அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அடுத்த கரையில் அதையே செய்துகொண்டிருந்தார். ஒரு ஏக்கர் குளத்துக்குச் சட்டியால் காற்று ஏற்ற முடியுமா? அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் சும்மா நிற்க மனம் வருமா?

நான் ஒரு இறாலைப் பிடித்துப் பார்த்தேன். இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ஓட்டில் ஒரு புள்ளி இல்லை. குடல் நிறையத் தீன், கறுத்த கோடாக நேராக இருந்தது. நோய் இல்லை, மூச்சுத் திணறல் மட்டும்தான். வெயில் ஏறினால் தண்ணீருக்குக் காற்று வரும், இறால் தானாகவே கீழே போகும். அடுத்த இரண்டு இரவும் சக்கரம் ஓடினால் குளம் தப்பிவிடும். இன்னும் மூன்று கிழமை நின்றால் முழு வளர்ச்சி, முழு விலை. இதெல்லாம் அந்த இறாலைக் கையில் வைத்திருந்த அரை நிமிடத்தில் எனக்குத் தெரியும். என் கண்ணுக்குத்தானே தெரியும்!

எங்கள் லொறியில், ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், சாக்கால் மூடி இரண்டு கான் டீசல் இருந்தது. ஏற்றுமதிக் கம்பனி என்று அனுமதிக் கடிதம் காட்டி எடுத்த டீசல். ஒரு கான் போதும், அவருடைய சின்ன என்ஜின் இரண்டு இரவும் ஓடியிருக்கும்.

நான் இறாலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "சுனில், ஐஸ இறக்கு" என்றேன்.

நசீர் நானா தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். வரம்பில் ஐஸ் கட்டிகள் விழுவதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அப்ப காப்பாத்த ஏலாதா தம்பி?" என்றார்.

"காச பிறகு கதைப்பம் நானா, இருக்கிறதக் காப்பாத்துவம்" என்றேன். ஏலுமா ஏலாதா என்பதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. பொய் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான ஆறுதல் பாருங்கள்.

மதகில் வலை கட்டி, தண்ணீரை வெளியே விடத் தொடங்கினார்கள். பாதித் தண்ணீர் போனபிறகு விலையைச் சொன்னேன். வழக்கமான விலையில் பாதிகூட இல்லை. அந்த நேரத்தில் சிலாபத்துக் கம்பனிக்காரன் ஜெரோம் மோட்டார் சைக்கிளில் வரம்புக்கு வந்தான். ஐஸைக் கண்டான். எனக்குக் கையைக் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். அவன் போவதை நசீர் நானா கடைசி மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "நீங்க சொன்னாச் சரி தம்பி" என்றார். அவருடைய மனைவி எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தார். நான் குடித்தேன்.

இரண்டு மணியளவில் எல்லாம் முடிந்தது. லொறி கிளம்பாமல் நின்றது. சுனில் கபினிலிருந்து இறங்கி, தனக்குத் தெரிந்த தமிழில், "மாத்தயா, டேங்க் அடியில நிக்குது. கானிலிருந்து ஊத்தவா?" என்றான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். நான் வாயைத் திறப்பதற்குள் சாக்கை விலக்கி நீலக் கானை இழுத்து வெளியே வைத்துவிட்டான். நிறைந்த கான். மண்ணில் வைக்கும்போது தளும்பிய சத்தம் எனக்குக் கேட்டது.

நசீர் நானாவுக்கும் கேட்டது. கானைப் பார்த்தார். பின்னால் நின்ற மற்றக் கானையும் பார்த்தார்.

"டீசல் இருந்திச்சா தம்பி?"

"அது... கம்பனிட டீசல் நானா."

"ஓம், ஓம். கம்பனிடதானே" என்றார். சுனிலிடம் புனல் இல்லை. நசீர் நானா தன் வாடிக் குடிசைக்குள் போய், சும்மா கிடந்த தன் என்ஜினுக்கு ஊற்றும் புனலை எடுத்து வந்து, லொறியின் டேங்க் வாயில் வைத்து, சிந்தாமல் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கான் காலியாகும் வரைக்கும் நின்றார். பிள்ளைகளே, அந்த ஐந்து நிமிடத்துக்கு நிகரான ஒரு தண்டனையை எந்த நீதிமன்றமும் எனக்குத் தந்திருக்க முடியாது.

இன்னும் இருக்கிறது. அறுவடை முடிந்தால் பண்ணைக்காரர் கறிக்கு என்று ஒரு பை இறால் தருவார் அல்லவா? அதையும் தந்தார். இருந்ததில் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டியிருந்தார். "வீட்டுக்குக் கொண்டு போங்க, தங்கச்சியக் கேட்டதாச் சொல்லுங்க."

வீட்டில் மனுசி பையை அவிழ்த்துப் பார்த்தாள். "ஆர்ட இறால்?"

"நசீர் நானாட."

"அது இன்னும் வளரல்லயெண்டு போன கிழமைதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். டீசலையும் சொன்னேன். அவள் பையைக் கட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து, எனக்குப் பருப்பும் சோறும் போட்டாள்.

கம்பனியில் மனேஜர் என் முதுகில் தட்டினார். "இப்படி ரெண்டு பேர் இருந்தாப் போதும்" என்றார். மூன்றாம் நாள் முந்தலுக்கு டீசல் பவுசர் லொறி வந்தது. பண்ணைக்காரருக்கு முன்னுரிமை கொடுத்து ஊற்றினார்கள். வரிசையில் நசீர் நானா நிற்கவில்லை. அவருக்கு எதற்கு?

சில நாள் கழித்து ஜெரோமைப் பணிஸ் கடையில் கண்டேன். "அடேய், அண்டைக்கு நான் முக்கால் விலை குடுக்கத்தான் வந்தன். நீ ஐஸ இறக்கிப்போட்டாய்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன வருத்தம் இறாலுக்கு?" என்று கேட்டான். நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லாமல், பணிசுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

நசீர் நானா மறுபடி குஞ்சு விடவில்லை. கையில் வந்த காசு தீன் கடனுக்கே போதவில்லை. முதலில் என்ஜினை விற்றார். பிறகு சக்கரங்களை விற்றார். பிறகு கரைத்தீவுச் சந்தியில் பாணும் தேத்தண்ணியும் விற்கிற ஒரு சின்னக் கடை போட்டார். நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். கரைத்தீவுக் குளங்களுக்கு வேறு ஆளை அனுப்பினேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

உங்களில் கணக்குப் படித்த பிள்ளைகள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டவனிடம் வாங்குவது பாவமென்றால் இந்த வேலையே செய்ய முடியாதே? உண்மை. நோய் விழுந்த குளத்துக்கு நாங்கள் போகாவிட்டால் பின்னேரத்துக்குள் அது நாறிவிடும். பாதி விலையாவது கொடுக்க ஒருவன் வருவது அந்த மனிதனுக்கு உதவிதான். குறைந்த விலைக்கு வாங்கினேன் என்பதற்காக நான் வெட்கப்படவில்லை. எத்தனையோ குளத்தில் அப்படி வாங்கியிருக்கிறேன், நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இந்த ஒன்றில் அந்தக் கஷ்டத்தை நிறுத்தக்கூடிய பொருள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் அதைச் சாக்கால் மூடி வைத்துக்கொண்டு, கஷ்டம் முற்றட்டும் என்று நின்றேன். போதாததற்கு, வேறு ஆள் உள்ளே வராமல் ஐஸைப் போட்டு வழியையும் அடைத்தேன். இதுதான் என் கணக்கு. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒருநாள் மனம் கேட்கவில்லை. முந்தலில் புதிதாக ஒரு நீலக் கான் வாங்கி, டீசல் நிரப்பி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரைத்தீவுக்குப் போனேன். பைத்தியக்காரத்தனம்தான். வேறு எதைக் கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை.

நசீர் நானா கடையில் இருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. கானைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன தம்பி இது! என்ஜினே இல்லையே, எங்க ஊத்துற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது மனிதன், பாண் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோய் இல்லை என்பது எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு இரவு சக்கரம் ஓடினால் குளம் தப்பியிருக்கும் என்றேன்.

அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். டீசல் இருந்ததைத்தான் அவர் அன்றைக்கே கண்டுவிட்டாரே, இதற்கு ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு நான் உங்களுக்குப் போன் எடுத்தது இறால் விக்க இல்ல" என்றார். "ரெண்டு கான் டீசல் எங்கயாச்சும் எடுத்துத் தருவீங்களாண்டு கேக்கத்தான்."

"அப்ப ஏன் நானா கேக்கல்ல?"

"நீங்க ஐஸோட வந்திட்டீங்களே. இறாலக் கையில எடுத்துப் பாத்தீங்க, ஐஸ இறக்கச் சொன்னீங்க. நீங்களே ஐஸ இறக்கினா அது முடிஞ்ச இறால்தானே? பிறகு டீசலக் கண்டு என்ன, செத்த குளத்துக்கு டீசல் எதுக்குண்டு நினைச்சன். இவ்வளவு நாளும் அல்லாஹ்ட நாட்டமெண்டு மனச ஆத்தி வெச்சிருந்தன் தம்பி. உங்கட கண்ண நம்பித்தான் நான் மதகத் திறந்தன்."

கடைக்கு ஒருவர் பாண் வாங்க வந்தார். நசீர் நானா எழுந்து கொடுத்துவிட்டு வந்தார். பிறகு கானைத் தன் கையாலேயே தூக்கி என் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டினார். "இத இஞ்ச வெச்சு ஒண்டுக்கும் ஆகாது. லொறியில வெய்ங்க. அடுத்தவன் போன் எடுத்தா ஐஸுக்கு முதல் இத இறக்குங்க."

கான் லொறிக்கு வந்த கதை இதுதான். நான் ஓய்வு பெறும் வரை அது மூன்று தடவை இறங்கியது. ஒரு தடவை முந்தலில் ஒரு பொடியனின் குளம் அதனால் தப்பியது. அவன் மூன்று கிழமை கழித்து, ஜெரோம் விலை கூட்டித் தந்தான் என்று இறால் முழுவதையும் அவனுக்கு விற்றுவிட்டான்! எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. மனேஜரிடம் ஏச்சும் வாங்கினேன். அப்படியும் நடக்கும். அன்றைக்குப் பின்னேரமே சுனில் கானைக் கொண்டுபோய் நிரப்பி வந்தான்.

இனி அது உங்கள் பொறுப்பு. கரைத்தீவுப் பக்கம் போகும்போது, சந்தி தாண்டி, களப்போரமாக இரண்டு குளம் வெயிலில் வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கும். அந்த இடத்தில் லொறியை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் போய்க் கானைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருக்க வேண்டும்.